ஐந்தாம் நாள் காய்ச்சலும் கடை வாசல் மாத்திரையும்

காய் எடுப்புக் காலம் தொடங்கிவிட்டால் நமது போடிநாயக்கனூருக்குத் தனிக் களை வந்துவிடுகிறது. பொழுது விடியுமுன்பே ஜீப்புகள் வரிசையாகப் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறுகின்றன. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நம் பக்கத்து ஆண்களும் பெண்களும் தூக்குவாளியோடு புறப்பட்டுப் போகிறார்கள். மாலையில் திரும்பும்போது நம் கடைகளில் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிச் செல்கிறார்கள். வாரக் கூலி வந்தால் பற்று தீர்கிறது. ஏலத்தில் காய்க்கு நல்ல விலை கிடைத்தால் ஊரில் எல்லாக் கல்லாவும் நிறைகிறது. மலை நன்றாக இருந்தால்தான் ஊர் நன்றாக இருக்கும் என்பது நாம் தலைமுறை தலைமுறையாக அறிந்த கணக்கு.

அதே மாதங்களில் மலையிலிருந்து காய்ச்சலும் இறங்கி வருகிறது. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் நாட்களில், "நாலு நாளாக் காய்ச்சல் அண்ணாச்சி, ஒரு மாத்திரை இருந்தாக் குடுங்க" என்று கேட்டு நிற்பவரை நம்மில் பார்க்காதவர் இல்லை. அவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம், என்ன சொல்லி அனுப்புகிறோம் என்பதில் ஓர் உயிர் அடங்கியிருக்கக் கூடும். அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு நன்கு தெரிந்த ஒரு மளிகைக் கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். பெயர்கள் வேண்டாம். தோட்டத்தில் களையெடுப்புக்குப் போய் வந்த நாற்பது வயதுக்காரர் ஒருவர், கடைக்கு வழக்கமாக வருபவர், காய்ச்சலோடு வந்து மாத்திரை கேட்டார். கடைக்காரர் இரக்க குணம் உள்ளவர். தம் மகனுக்கு டைபாய்டு வந்தபோது மருத்துவர் எழுதிக் கொடுத்ததில் மிச்சமிருந்த ஐந்து மாத்திரைகளையும், காய்ச்சல் தணிக்கும் மாத்திரை ஓர் அட்டையையும் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மாத்திரை போட்டால் சற்று வியர்த்துக் காய்ச்சல் இறங்கும். இரண்டு மணி நேரத்தில் மீண்டும் ஏறும். ஒன்பதாம் நாள் அவருக்கு மூச்சு வாங்கியது. கண் மஞ்சளாயிற்று. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அங்கே மருத்துவர் அவர் வேட்டியைத் தளர்த்தச் சொல்லி உடம்பு முழுவதும் பார்த்தார். அரைஞாண் கயிற்றுக்குக் கீழே சிகரெட் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. அப்படி ஒன்று இருப்பது அவருக்கே தெரியாது. வலி இல்லை, அரிப்பும் இல்லை. இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் மருத்துவர் மருந்தைத் தொடங்கினார். ஆள் பிழைத்தார். ஆனால் பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் படுத்தார். இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. "மனசு கேக்காமத்தான் குடுத்தேன்" என்று அந்தக் கடைக்காரர் நம்மிடம் சொன்னபோது அவர் குரல் கம்மியிருந்தது. அவர் கொடுத்த மாத்திரை கெட்டுப்போனது அல்ல, போலியும் அல்ல. ஆனால் இந்த நோயை அது தொடவே தொடாது.

டைபாய்டு வேறு, டைபஸ் வேறு

அந்த நோயின் பெயர் ஸ்கிரப் டைபஸ். நம் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. மலைக்கு அப்பால் கேரளத்தில் செள்ளுப்பனி என்கிறார்கள். பனி என்றால் மலையாளத்தில் காய்ச்சல். பெயர் ஒலியில் டைபாய்டைப் போலிருப்பதால் இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் கொள்பவர் பலர். டைபாய்டு கெட்ட தண்ணீர், கெட்ட உணவு மூலம் வயிற்றின் வழியாக வருவது. டைபஸ் ஒரு சிறு பூச்சியின் கடியால் தோல் வழியாக வருவது. இரண்டுக்கும் கிருமி வேறு, மருந்தும் வேறு.

ஸ்கிரப் டைபஸ் கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. இரண்டாம் சொல் ஜப்பானிய மொழி; நோய் தரும் பூச்சி என்று பொருள். ஜப்பானின் ஆற்றங்கரை உழவர்கள் இதை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். இரண்டாம் உலகப் போரில் அசாம், பர்மா காடுகளில் போரிட்ட படைவீரர்களில் ஆயிரக்கணக்கானோரை இது வீழ்த்தியது. அப்போது இதற்கு மருந்தே கிடையாது.

இதைப் பரப்புவது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஒரு சிலந்திப்பேன் வகை. அதன் குஞ்சுப் பருவம் மட்டுமே கடிக்கும். ஆறு காலும் செம்மஞ்சள் நிறமும் கொண்ட அந்தக் குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு அளவுதான் இருக்கும். புல் நுனியிலும் உதிர்ந்த சருகிலும் காத்திருந்து, எலியோ மூஞ்சூறோ மனிதனோ உரசினால் ஒட்டிக் கொள்ளும். ஆடை இறுக்கிப் பிடிக்கும் இடமாகத் தேடிச் சென்று கடித்து இரண்டு மூன்று நாள் உறிஞ்சிவிட்டு உதிர்ந்துவிடும். கடித்தது தெரியாது. தாய்ப் பூச்சியிலிருந்து முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் கிருமி போய்விடுவதால், ஒரு புதரில் ஒரு முறை குடிபுகுந்த நோய் எளிதில் போவதில்லை.

நிழல், ஈரம், சருகு, குறும்புதர், எலி ஆகிய ஐந்தும் சேர்ந்த இடம் இந்தப் பூச்சிக்கு ஏற்றது. ஏலத் தோட்டத்தில் நிழல் மரமும் ஈரமும் சருகும் எப்போதும் உண்டு என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. குனிந்து தூருக்கருகே காய் எடுப்பவர், களை பறிப்பவர், விறகு பொறுக்குபவர், சரிவில் ஆடு மாடு மேய்ப்பவர், சோற்று நேரத்தில் புல்லின் மேல் துண்டை விரித்து உட்காருபவர் ஆகிய எல்லோருக்கும் இது நேரலாம். மலையில் மட்டும் வரும் நோய் என்றும் எண்ணிவிடலாகாது. வேலூர்ப் பகுதியில் 37 கிராமங்களைச் சேர்ந்த சுமார் 32,000 பேரைப் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வொன்று 2025-இல் வெளியாயிற்று. அங்கே ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பேர் வரை இந்தக் கிருமி தொற்றுவதாக அது கண்டது. அவர்களில் மிகப் பலருக்கு நோய் முற்றுவதில்லை. முற்றியவர்களுக்கோ உயிர் ஊசலாடுகிறது.

எப்படி அடையாளம் காண்பது?

கடிபட்டு 6 முதல் 21 நாட்களுக்குள், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாளில், காய்ச்சல் தொடங்கும். கடுமையான தலைவலி, உடம்பு வலி, இருமல், வாந்தி, கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டுதல் ஆகியவை உண்டாகலாம். பார்த்தால் டெங்கு போலவும் இருக்கும், எலிக்காய்ச்சல் போலவும் இருக்கும், மலேரியா போலவும் இருக்கும். முதல் வாரம் கடந்தும் சரியான மருந்து கிடைக்காவிட்டால் நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கத் தொடங்கும்.

கறுத்த பொருக்கு இருந்தால் அதுவே பெரிய சாட்சி. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பின் அடி, காதின் பின்புறம் போன்ற மறைவிடங்களில்தான் அது பெரும்பாலும் இருக்கும். வெட்கப்பட்டு மறைத்தால் நோயும் மறைந்துகொள்ளும். ஆனால் பொருக்கு இல்லாமலும் இந்த நோய் வரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 'பொருக்கு இல்லை, ஆகவே இது இல்லை' என்று தீர்ப்புக் கூற நாம் மருத்துவர்கள் அல்லர்.

இரத்தத்தில் ஐ.ஜி.எம். எலிசா என்னும் பரிசோதனை செய்து நோயை உறுதிப்படுத்துகிறார்கள். நோயின் முதல் சில நாட்களில் இதில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆகவேதான் ஐந்து நாளாக விடாத, வேறு காரணம் தெரியாத காய்ச்சலில் இந்த நோயைச் சந்தேகித்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

கேட்கும் மருந்தும் கேட்காத மருந்தும்

இனி, வியாபாரிகளாகிய நாம் முக்கியமாக அறிய வேண்டிய பகுதிக்கு வருவோம். 'ஆன்டிபயாட்டிக்' என்று ஒரே பெயரால் அழைத்தாலும் அவை ஒரே சரக்கு அல்ல. மிளகும் மிளகாயும் காரம்தான். அதற்காக ஒன்று கேட்பவருக்கு மற்றொன்றை நிறுத்துக் கொடுப்போமா?

பெனிசிலின், அமாக்சிசிலின், செபிக்சைம், செப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகள் கிருமியின் வெளிச்சுவரைக் குலைத்துக் கொல்பவை. இந்த டைபஸ் கிருமியோ வெளியே நிற்பதில்லை. நம் உடம்பின் உயிரணுக்களுக்கு உள்ளேயே புகுந்துகொண்டு வளர்கிறது. குடோனுக்குள் புகுந்து உள்தாழ் போட்டுக் கொண்ட திருடனை வாசலில் நிற்கும் காவலாளி என்ன செய்ய முடியும்? அதனால் இந்த வகை மருந்துகள் எவ்வளவு விலை உயர்ந்தவையானாலும், ஊசியாகவே போட்டாலும் பயனில்லை. காய்ச்சல் என்றதும் பலர் கேட்டு வாங்கும் சிப்ரோபிளாக்சசினும் இந்தக் கிருமியிடம் எடுபடுவதில்லை. இயற்கையிலேயே அதற்கு மசியாத அமைப்பு கிருமியிடம் இருக்கிறது. நாம் முன்னே சொன்ன அந்த ஐந்து மாத்திரைகளின் கதையும் இதுதான்.

இந்த நோய்க்கு முதலில் பயன்பட்டது குளோராம்பெனிகால். 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மேடலின் குழுவினர் மலேயாவின் கோலாலம்பூருக்கு வந்து, அங்குள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தாரோடு சேர்ந்து ஸ்கிரப் டைபஸ் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தனர். நோயாளிகள் சில நாட்களில் தேறினர். அதே இடத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. டைபஸ் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்டவருக்கு இருந்தது டைபாய்டு என்று பின்னர் தெரிய வந்தது, அவரும் தேறினார்! டைபாய்டுக்கும் மருந்து அப்படித்தான் கிடைத்தது. அந்த ஒரு மருந்து இரண்டையும் கேட்டது. இன்று டைபாய்டுக்குக் கொடுக்கும் மருந்துகளில் பல டைபஸைக் கேட்பதில்லை. குளோராம்பெனிகால் மிக அரிதாக எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து இரத்த உற்பத்தியையே நிறுத்திவிடக் கூடியது என்பதால் இன்று அதை முதல் மருந்தாகக் கொள்வதில்லை.

இன்றைய முதல் மருந்து டாக்சிசைக்ளின். விலை மலிவானது, பெரும்பாலான மருந்துக் கடைகளிலும் அரசு மருத்துவமனைகளிலும் கிடைப்பது. இது உயிரணுவுக்குள் புகுந்து, கிருமி தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்துகொள்ளும் பட்டறையை நிறுத்துகிறது. மேற்கூறிய வழிகாட்டுதலின்படி 45 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் காலையும் இரவுமாக 7 நாட்கள் கொடுக்கிறார்கள். காலத்தில் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். அப்படி விடாவிட்டால் நோய் வேறாக இருக்கலாம், அல்லது முற்றியிருக்கலாம் என்று மருத்துவர் அடுத்த வழியைப் பார்ப்பார்.

காய்ச்சல் விட்டுவிட்டது என்று மாத்திரையையும் விட்டுவிடுவதுதான் நம்மவர் வழக்கம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பழமொழி சொல்லி மூன்றாம் நாளே ஜீப் ஏறிவிடுகிறார்கள். விருந்துக்கு அந்தக் கணக்கு சரி. இந்த மருந்துக்குச் சரியில்லை. பாதியில் நிறுத்தினால் காய்ச்சல் மீண்டும் தலைதூக்கலாம்.

டாக்சிசைக்ளினை விழுங்கும் முறையும் உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்தோ நின்றோ விழுங்க வேண்டும். உடனே படுக்கக் கூடாது. இல்லையேல் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பாலோடும், இரும்புச் சத்து மாத்திரையோடும், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மருந்தோடும் சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. வெயில் பட்டால் சிலருக்குத் தோல் கன்றிப்போகும்.

இன்னொரு மருந்து அசித்ரோமைசின். கர்ப்பிணிப் பெண்களுக்கு டாக்சிசைக்ளினைப் பொதுவாகத் தவிர்ப்பதால் அவர்களுக்கு இதையே கொடுக்கிறார்கள்: நாளைக்கு 500 மில்லிகிராம் ஒரு வேளை, 5 நாட்கள். கர்ப்பிணிக்கு இந்த நோய் வந்தால் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து அதிகம். ஆகவே அவர்கள் விஷயத்தில் ஐந்தாம் நாள் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்ற அளவில் இரண்டில் ஒன்றை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். டாக்சிசைக்ளின் குழந்தைகளின் பல்லைக் கறையாக்கும் என்று முன்னாளில் அஞ்சினார்கள். சில நாட்கள் மட்டும் கொடுப்பதால் அப்படி ஆவதில்லை என்று இப்போது தெளிந்திருக்கிறார்கள்.

'இந்த மருந்துகளுக்கும் கிருமி பழகிப் போய்விடாதா?' என்று கேட்கலாம். 1996-இல் வட தாய்லாந்திலிருந்து அப்படி ஒரு செய்தி வந்தது. டாக்சிசைக்ளின் கொடுத்தும் சிலருக்குக் காய்ச்சல் தாமதமாகவே விட்டதாக எழுதினார்கள். பின்னர் ஆராய்ந்தவர்கள் அது கிருமி பழகியதால்தானா என்று ஐயம் தெரிவித்திருக்கிறார்கள். நம் நாட்டில் இன்றும் டாக்சிசைக்ளின் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் சளிக்கும் தொண்டை வலிக்கும் அசித்ரோமைசினைக் கேட்டு வாங்கிப் போட்டுக் கொள்ளும் பழக்கம் ஊரெங்கும் பரவியிருப்பது நல்லதல்ல. அதனால் வேறு பல கிருமிகள் அந்த மருந்துக்கு மசியாதவை ஆகிவிடும். இன்று வீணாக்கினால், நாளை தேவைப்படும்போது மருந்து வேலை செய்யாது.

நோய் முற்றினால்: வேலூர் காட்டிய வழி

தொடக்கத்திலேயே வந்தவர்களுக்கு ஒரு மாத்திரை போதும். மூச்சுத் திணறலோடும் இரத்த அழுத்தம் இறங்கியும் கொண்டுவரப்படுபவர்களுக்கு எந்த மருந்து சிறந்தது என்பது நெடுநாள் தீராத கேள்வியாக இருந்தது. அதற்கு விடை கண்டது நமது தமிழ்நாட்டிலிருந்து நடத்தப்பட்ட ஒரு சோதனை என்பதில் நாம் பெருமைப்படலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் 7 மருத்துவமனைகள் அதில் சேர்ந்தன. அதன் முடிவு 2023 மார்ச்சில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியாயிற்று.

நோய் முற்றிய 794 பேர் அந்தக் கணக்கில் வந்தனர். 15 வயதுக்கு மேற்பட்ட அவர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு டாக்சிசைக்ளின், ஒரு பிரிவுக்கு அசித்ரோமைசின், மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் சேர்த்து, நரம்பு வழியாக 7 நாட்கள் கொடுத்தனர். 28 நாளுக்குள் இறத்தல், ஏழாம் நாளும் உறுப்புப் பாதிப்பு நீடித்தல், ஐந்தாம் நாளும் காய்ச்சல் நீடித்தல் ஆகிய மூன்றில் எது நேர்ந்தாலும் அதைச் சிகிச்சையின் தோல்வியாகக் கொண்டனர். டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47 சதவிகிதம் பேருக்கும், அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 சதவிகிதம் பேருக்கும் அப்படி நேர்ந்தது. இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 33 சதவிகிதமாகக் குறைந்தது.

காரணம் எளிது. கிருமியின் புரதப் பட்டறைக்கு இரண்டு பாகங்கள். ஒரு மருந்து ஒரு பாகத்தைப் பூட்டுகிறது. மற்றது மற்றொன்றைப் பூட்டுகிறது. நம் கடைக் கதவுக்கு மேலும் கீழும் இரண்டு பூட்டுப் போடுவது போலத்தான்.

இந்த முடிவை ஒளிவு மறைவின்றிச் சொல்ல வேண்டும். இரண்டு மருந்தும் சேர்த்ததால் நோயாளிகள் விரைவில் தேறினர். உறுப்புகள் சீக்கிரம் சீரடைந்தன. ஆனால் இறந்தவர்களின் விகிதத்தில் மூன்று பிரிவுகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதாவது, மிகவும் முற்றிய பின் வந்தவர்களில் சிலரை எந்த மருந்தாலும் மீட்க முடியவில்லை. ஆகவே எந்த மருந்து என்பதைப் போலவே எத்தனையாவது நாள் என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது. அந்த நாளை முன்னே கொண்டுவருவதில் கடைக்காரருக்கும் பங்கு உண்டு.

'கடை டைபஸ்' என்று ஒன்று

மலைக்கே போகாத நமக்கு என்ன வந்தது என்று நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. மலேயாவில் 1920-களில் டைபஸை ஆராய்ந்த மருத்துவர்கள் அதில் இரண்டு வகை இருக்கக் கண்டனர். புதர்க் காட்டில் வேலை செய்தவர்களுக்கு வந்ததை ஸ்கிரப் டைபஸ், அதாவது புதர் டைபஸ், என்றனர். நகரத்தில் கடைகளிலும் தானியக் கிடங்குகளிலும் இருந்தவர்களுக்கு வந்ததற்கு 'ஷாப் டைபஸ்' என்றே பெயர் வைத்தனர். கடை டைபஸ்! நம் தொழிலின் பெயரையே ஒரு நோய் தாங்கியிருக்கிறது.

இது வேறொரு கிருமியால், எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சி மூலம் வருவது. தெள்ளு கடித்த இடத்தை நாம் சொறியும்போது அதன் கழிவு தோலுக்குள் தேய்ந்து நோய் புகுகிறது. பெரும்பாலும் ஸ்கிரப் டைபஸைவிட மிதமானது. கறுத்த பொருக்கு வராது. இதற்கும் முதல் மருந்து டாக்சிசைக்ளின்தான். லாவோஸ் நாட்டில் நடந்து 2019-இல் வெளியான ஒரு சோதனையில் இந்த வகைக்கு அசித்ரோமைசின் டாக்சிசைக்ளின் அளவுக்குப் பயன்தரவில்லை என்று கண்டார்கள். மூட்டை அடுக்கும் பையனுக்கோ சுமை தூக்கும் தோழருக்கோ காய்ச்சல் விடாவிட்டால், குடோனில் எலித் தொல்லை உண்டு என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எலியை ஒழிப்பதிலும் முறை வேண்டும். எலி செத்தால் அதன் மேலுள்ள தெள்ளு வேறு உடம்பைத் தேடும். ஆகவே தெள்ளுக்கான பூச்சிமருந்தை முதலில் தெளித்துவிட்டுப் பிறகு எலியை ஒழிப்பதே சரி. செத்த எலியை வெறுங்கையால் தொடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, மளிகைக் கடையில் ஆன்டிபயாட்டிக் மாத்திரை இருக்கவே கூடாது. உரிமம் இல்லாமல் விற்பது 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தப்பான மாத்திரை நோயைக் குணமாக்காமல் நாலு நாளை மட்டும் விழுங்கிவிடும். அந்த நாலு நாள்தான் உயிர். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை இரக்கப்பட்டுக் கொடுப்பதும் இதில் அடக்கம். மருந்துக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களும் மருத்துவர் சீட்டில்லாமல் டாக்சிசைக்ளினையோ அசித்ரோமைசினையோ கொடுக்கலாகாது. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் தாமே வாங்கிப் போட்டுக் கொள்ளவும் வேண்டாம். மேலே கொடுத்த அளவுகள் விவரம் அறிவதற்காக மட்டுமே.

இரண்டாவதாக, காய்ச்சல் என்று வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை நாளாக? மலைக்கோ புதர்க் காட்டுக்கோ போனீர்களா? உடம்பில் மறைவான இடத்தில் கறுத்த பொருக்கு இருக்கிறதா? பிறகு, 'இந்த மூன்றையும் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்' என்று அனுப்பிவையுங்கள். போடி அரசு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. முற்றியவர்களுக்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. மூச்சு வாங்கினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-க்குச் சொல்லுங்கள். தோட்டத்திலேயே லயத்தில் தங்கி வேலை செய்பவர்கள் கேரளப் பக்கத்து அரசு மருத்துவமனைகளிலும் காட்டலாம். மலை இறங்கி வந்துதான் பார்க்க வேண்டும் என்று நாளைக் கடத்த வேண்டாம்.

மூன்றாவதாக, நம்மிடமே இருக்கும் சரக்கு நோயைத் தடுக்க உதவும். முழுக்கைச் சட்டை, காலுறை, கம் பூட்ஸ், சோப்பு, டீட் என்னும் மருந்து கலந்த பூச்சி விரட்டிக் களிம்பு ஆகியவற்றைக் காய் எடுப்பு நாட்களில் முன்வரிசையில் வையுங்கள். புல்லில் உட்காருமுன் தார்ப்பாயோ தடித்த சாக்கோ விரிக்கவும், துணியைப் புதர் மேல் கழற்றிப் போடாதிருக்கவும், வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து உடுத்திய துணியை வெந்நீரில் துவைக்கவும் சொல்லுங்கள். இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. ஒரு முறை வந்தவருக்கு மறுமுறை வராது என்பதும் இல்லை. கிருமியில் பல வகை உண்டு.

நான்காவதாக, கடைக்கும் குடோனுக்கும் பின்னால் உள்ள புதரைச் செதுக்கிச் சுத்தமாக வையுங்கள். சாக்குகளையும் மூட்டைகளையும் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள். சிந்திய தானியத்தை அன்றன்றே பெருக்கிவிட்டால் எலிக்குப் பாதி வேலை குறையும்.

கடைசியாக, நம் கடைச் சிப்பந்திகளைப் பற்றி. காய்ச்சல் என்று ஒருவர் லீவு கேட்டால், சீசன் நேரத்தில் முகம் சுளிப்பது நமக்கு இயல்பாகிவிட்டது. அவர் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போய்வந்தால் நமக்கு ஒரு நாள் சிரமம். போகாமல் ஒன்பதாம் நாள் விழுந்தால் அந்தக் குடும்பத்துக்குச் சிரமம், நமக்கோ தீராத மனக்குறை.

நாம் முன்னே சொன்ன அந்தத் தோட்டத் தொழிலாளி இப்போதும் மலைக்குப் போய் வருகிறார். சனிக்கிழமைகளில் அதே கடையில்தான் சாமான் வாங்குகிறார். அந்தக் கடைக்காரர் மாத்திரை வைத்திருந்த தகர டப்பாவில் இப்போது கிராம்பு வைத்திருக்கிறார். காய்ச்சல் என்று யாராவது வந்தால், "என்னிடம் மாத்திரை இல்லை, எத்தனை நாளாக என்று சொல்லுங்கள்" என்று கேட்டு, வேலையாள் ஒருவரைத் துணைக்கு அனுப்பி மருத்துவமனைக்கு அனுப்புகிறார். நம் கடை வாசல்கள் எல்லாவற்றிலும் இந்தப் பழக்கம் வர வேண்டும் என்பதே நமது விருப்பம்.